கழுத்துத் தமனியில் கொழுப்பு அடைப்பு: மாத்திரை மட்டும் போதுமா? புதிய ஆய்வு சொல்வது என்ன?

புதுடெல்லி: மாநகரங்களில் பரவலாகிவிட்ட 'முழு உடல் பரிசோதனை' திட்டங்கள் சிலவற்றில் கழுத்துக்கான டாப்ளர் ஸ்கேனும் சேர்க்கப்படுகிறது. எவ்விதத் தொந்தரவும் இன்றி நடமாடிக்கொண்டிருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவரின் அறிக்கையில் "இடது கரோடிட் தமனியில் 70 சதவீதச் சுருக்கம்" என்ற ஒரு வரி இடம்பெற்றுவிட்டால், அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் உறக்கம் வருவதில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் முக்கால் பங்கு அடைபட்டுவிட்டது என்றுதான் குடும்பத்தினர் அதைப் புரிந்துகொள்கின்றனர். உடனே அறுவை சிகிச்சையா, ஸ்டெண்டா, அல்லது மாத்திரையே போதுமா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் அளித்து வந்த விடை கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் அண்மைக் கட்டமாக, 2025 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 'கிரெஸ்ட்-2' ஆய்வின் முடிவுகள் வெளியாகின. ஸ்டெண்ட் வைப்பதற்கு ஆதரவான முடிவு என்று ஒரு சாராரும், மாத்திரையின் வலிமைக்குச் சான்று என்று மற்றொரு சாராரும் அதை வாசிக்கின்றனர். இரண்டு வாசிப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு செய்தி அதிகம் பேசப்படவில்லை. அந்த ஆய்வில் மருந்து சிகிச்சை என்று குறிப்பிடப்பட்டது, நம் ஊர்களில் நோயாளிக்கு எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டைக் காட்டிலும் வெகுவாக விரிந்த ஒன்று.

அடைப்பு எப்படி ஆபத்தாகிறது?

கழுத்தின் இருபுறமும் தாடைக்குக் கீழே விரல் வைத்தால் நாடித் துடிப்பை உணரலாம். அதுவே கரோடிட் தமனி. தாடையின் கோணத்துக்கு அருகே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் மேற்பகுதிக்கும் செல்கிறது. மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் சுழல்வது போல, ரத்தமும் அந்தக் கவட்டில் சீரற்று ஓடுகிறது. கொழுப்புப் படிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, ரத்தத்தில் மிகுந்த எல்டிஎல் கொழுப்பு ஆகியவை தமனியின் உட்சுவரைப் பழுதாக்க, சுவருக்குள் கொழுப்பு புகுந்து தேங்குகிறது. அதைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. நார்த்திசு மூடி ஒன்று மேலே படர்கிறது. நாளடைவில் சுண்ணமும் சேர்கிறது.

தண்ணீர்க் குழாயில் துரு சேர்ந்து அடைபடுவதைப் போல இந்நோயைக் கற்பனை செய்வது வழக்கம். பாதி உண்மை மட்டுமே அதில் உள்ளது. கழுத்தின் ஒரு பக்கத் தமனி மெல்ல மெல்லக் குறுகினாலும், மறுபக்கத் தமனியும் பின்கழுத்துத் தமனிகளும் மூளையின் அடித்தளத்தில் உள்ள ரத்தக்குழாய் வளையத்தின் வழியாகப் பெரும்பாலோருக்கு ஈடுகட்டிவிடுகின்றன. ஒரு பக்கம் முழுவதும் அடைபட்டும் அறிகுறியே இல்லாமல் வாழ்வோர் உண்டு.

பெரும்பாலான பக்கவாதங்கள் வேறு வழியில் நிகழ்கின்றன. படிவின் மேலுள்ள நார் மூடி மெலிந்து ஒரு நாள் கிழிகிறது. உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டவுடன் ரத்தத் தட்டணுக்கள் அங்கே திரண்டு கட்டி உருவாகிறது. அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து ரத்த ஓட்டத்தோடு மேலே சென்று மூளையின் சிறிய தமனியை அடைக்கிறது. அதாவது அடைப்பு எவ்வளவு பெரியது என்பதைப் போலவே, அது எவ்வளவு நிலையற்றது என்பதும் முக்கியம். மாத்திரையால் இந்நோயில் ஏன் பயன் உண்டு என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. "மாத்திரை அடைப்பைக் கரைத்துவிடுமா?" என்று நோயாளிகள் கேட்கின்றனர். பெரும்பாலும் கரைப்பதில்லை, உயர் அளவு மருந்தில் சிறிதளவு சுருங்குவதுண்டு. ஆனால் படிவை உறுதியாக்கி, கிழியாமலும் கட்டி உருவாகாமலும் பார்த்துக்கொள்வதே அதன் முதன்மை வேலை. ஸ்கேனில் 70 சதவீதம் என்றிருந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் 70 சதவீதமாகவே இருந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று பொருள் அல்ல.

அறிகுறி வந்தவர், வராதவர்

சிகிச்சையைத் தீர்மானிப்பதில் சதவீதத்தைவிட முந்தி நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தமனி ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்துவிட்டதா?

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போலப் பார்வை மறைதல் ஆகியவை சில நிமிடங்கள் நீடித்து, தாமாகவே சரியாகிவிடுவதுண்டு. தற்காலிகப் பக்கவாதம் எனப்படும் இது, வலி இல்லாததாலும் சரியாகிவிடுவதாலும், 'பித்தம்', 'அசதி', 'ரத்த அழுத்தம் கூடியிருக்கும்' என்று கடந்து செல்லப்படுகிறது. உண்மையில் அடுத்த சில நாள்களில் முழுப் பக்கவாதம் தாக்கும் ஆபத்து மிக அதிகமாக உள்ள நேரம் அதுவே.

இத்தகையோருக்கு அறுவை சிகிச்சையின் பயனை 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று ஐயமின்றி நிறுவியது. 70 முதல் 99 சதவீதம் வரை சுருக்கமும் அண்மையில் அறிகுறியும் உடைய 659 பேரில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் ஏற்பட்டது. தமனியைத் திறந்து படிவை அகற்றியவர்களில் அது 9 சதவீதம். இந்த வேறுபாடு மிகப் பெரியது. எனவேதான் அறிகுறி வந்து, சுருக்கமும் கடுமையாக இருப்பவருக்கு, தகுதி இருப்பின் இரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதை வழிகாட்டுதல்கள் இன்றும் பரிந்துரைக்கின்றன. மாத்திரை போதும் என்ற வாதம் இவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. விதிவிலக்காக, 2025-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான ஐரோப்பிய–கனடிய ஆய்வான 'இசிஎஸ்டி-2', அறிகுறி இருந்தபோதிலும் ஆபத்துக் கணக்கீட்டில் கீழ்நிலையில் வந்தவர்களையும் உள்ளடக்கிய 429 பேரைப் பின்தொடர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அறுவை அல்லது ஸ்டெண்டால் கூடுதல் பயன் தெரியவில்லை என அது கூறியது. நீண்டகாலத் தரவுகள் இன்றி வழக்கத்தை மாற்றுவதற்கு 429 பேர் போதாது.

அறிகுறி வந்தவருக்கு அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டாலும், மருந்து முதல் நாளே தொடங்குகிறது. சிறு பக்கவாதம் அல்லது தற்காலிகப் பக்கவாதம் ஏற்பட்டவர்களிடம் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் மருந்தையும் சில வாரங்கள் சேர்த்துக் கொடுப்பதன் பயன் 2013-ல் சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வில் தெரியவந்தது. தொண்ணூறு நாள்களில் பக்கவாதம் ஏற்பட்டோர் ஆஸ்பிரின் மட்டும் பெற்ற குழுவில் 11.7 சதவீதம், இரு மருந்தும் பெற்ற குழுவில் 8.2 சதவீதம். 2018-ல் வெளியான மற்றொரு ஆய்வும் இதை உறுதிசெய்தது. கூடவே, இரு மருந்தையும் மூன்று மாதம் தொடர்ந்தால் கடுமையான ரத்தக்கசிவு கூடுகிறது என்பதையும் காட்டியது. ஆகவே இரட்டை மருந்து பெரும்பாலும் மூன்று வார அளவில் நிறுத்தப்பட்டு, பின்னர் ஒன்று மட்டும் தொடர்கிறது. அறுவை சிகிச்சை நெருங்கும் நிலையில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பக்கவாத அறிகுறி தோன்றியதும் வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. மாரடைப்புக்குச் சொல்லப்படும் அறிவுரை இதற்குப் பொருந்தாது. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல இயலாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். 108 ஆம்புலன்ஸை அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே முதல் வேலை. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், அறிகுறி எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துச் சொல்வதும் உதவும்.

அறிகுறி இல்லாதவர்: விடை மாறிய கதை

விவாதம் முழுவதும் இரண்டாவது வகையினரைப் பற்றியதே. அதாவது, பரிசோதனையில் தற்செயலாகச் சுருக்கம் கண்டறியப்பட்டு, அறிகுறி ஏதும் இல்லாதவர்கள்.

இவர்களுக்கும் அறுவை சிகிச்சை நல்லது என்ற கருத்து 1995-ல் வலுப்பெற்றது. 60 சதவீதமும் அதற்கு மேலும் சுருக்கம் உடைய 1,662 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்கான பக்கவாத ஆபத்து 11 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தது. அதன்பின் அறிகுறி இல்லாத ஏராளமானோர் அறுவை அரங்குக்கு அனுப்பப்பட்டனர்.

ஆனால் அந்த ஆய்வில் அறுவை சிகிச்சையோடு போட்டியிட்ட மருந்து எது? ஆஸ்பிரினும் சில அறிவுரைகளும் மட்டுமே. கல்லீரல் கொழுப்பை உற்பத்தி செய்வதைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகள் அப்போது பரவலாகவில்லை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தொடங்கிய அந்த மருந்து வகையில், முதலாவது மருந்தான லோவாஸ்டாட்டின் 1987-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இந்தியாவில் மிகுதியாக எழுதப்படும் அடோர்வாஸ்டாட்டின் அங்கு அனுமதி பெற்றது 1996-ன் இறுதியில். ஆக, பழைய ஆய்வுகளில் கத்தி வென்றது உண்மை. ஆனால் அது வென்றது முழு ஆயுதம் ஏந்தாத எதிரியை.

இந்தக் குறையைச் சரிசெய்யவே கிரெஸ்ட்-2 வடிவமைக்கப்பட்டது. 70 சதவீதமும் அதற்கு மேலும் சுருக்கம் உடைய, அறிகுறி இல்லாத சுமார் 2,480 பேர், ஐந்து நாடுகளின் 155 மையங்களில் சேர்க்கப்பட்டனர். ஒரே பெயரில் நடந்தாலும் இவை இரு தனித்தனி ஆய்வுகள். ஒன்றில் ஸ்டெண்டுடன் தீவிர மருந்து சிகிச்சையும், தீவிர மருந்து சிகிச்சை மட்டும் பெறுவதும் ஒப்பிடப்பட்டன. மற்றொன்றில் ஸ்டெண்டுக்குப் பதிலாக அறுவை சிகிச்சை. மருந்து எல்லாக் குழுக்களுக்கும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளில் பக்கவாதம் முதலான பாதிப்பு ஸ்டெண்ட் ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும், ஸ்டெண்டும் பெற்றவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. புள்ளியியல் நோக்கில் இது உண்மையான வேறுபாடு. அறுவை ஆய்வில் அந்த எண்கள் 5.3 மற்றும் 3.7. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற அளவிலேயே இருந்தது. இரண்டும் தனித்தனி ஆய்வுகள் என்பதால், அறுவையைவிட ஸ்டெண்ட் சிறந்தது என்று இந்த எண்களை அருகருகே வைத்து முடிவு கட்டுவது தவறு.

எண்களை வீட்டு மொழியில் சொல்வதானால் இப்படி அமையும். கடுமையான சுருக்கம் உடைய நூறு பேருக்குத் தீவிர மருந்து மட்டும் கொடுத்தால், நான்கு ஆண்டுகளில் 94 பேருக்கு அந்தப் பாதிப்பு வருவதில்லை. அந்த நூறு பேருக்கும் ஸ்டெண்டும் வைத்தால் 97 பேர் தப்புகின்றனர். மூவரைக் காக்க நூறு பேருக்கு ஸ்டெண்ட். அதற்கும் ஒரு விலை உண்டு. முதல் 44 நாள்களில், ஸ்டெண்ட் குழுவில் ஏழு பேருக்குப் பக்கவாதமும் ஓர் இறப்பும் நேர்ந்தன; அதே காலத்தில் எதிர்க் குழுவில் ஒன்றுமில்லை. ஸ்டெண்டால் கிடைக்கும் பயன் அந்தத் தொடக்கக் கால ஆபத்தைக் கடந்து, பின்னர் வரும் ஆண்டுகளில்தான் சேர்கிறது. மேலும், அந்த ஆய்வில் ஸ்டெண்ட் வைத்தவர்கள் திறமை சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவர்கள். எழுபத்தெட்டு வயதில் இதயமும் சிறுநீரகமும் நலிந்திருப்பவருக்கும், அறுபது வயதில் திடமாக இருப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல.

'தீவிர மருந்து சிகிச்சை' என்பதில் அடங்கியவை

சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் 130-க்குக் கீழ். எல்டிஎல் கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ். இவ்விரு இலக்குகளும் கிரெஸ்ட்-2-ன் முதுகெலும்பு. இலக்கை எட்டாதவருக்கு மருந்து கூட்டப்பட்டது, மாற்றப்பட்டது. புகைபிடித்தல், எடை, நடை ஆகியவை குறித்து நோயாளியுடன் தொலைபேசியில் தொடர்ந்து பேச ஆலோசகர்கள் இருந்தனர். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பும் முறை அல்ல அது.

இந்த அணுகுமுறையின் வலிமை வேறொரு ஆய்விலும் வெளிப்பட்டிருந்தது. மண்டை ஓட்டுக்குள் உள்ள தமனிகளில் சுருக்கம் உடையவர்களிடம் ஸ்டெண்டையும் தீவிர மருந்தையும் ஒப்பிட்ட 'சாம்பிரிஸ்' ஆய்வு, 2011-ல் 451 பேரோடு சேர்க்கையை நிறுத்த நேர்ந்தது. முதல் முப்பது நாள்களில் பக்கவாதமோ இறப்போ நேர்ந்தோர் ஸ்டெண்ட் குழுவில் 14.7 சதவீதம், மருந்துக் குழுவில் 5.8 சதவீதம். கழுத்துக்கு உள்ள நியாயம் மூளைக்குள் செல்லுபடியாகவில்லை. இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடம் மண்டைக்குள் ஏற்படும் இத்தகைய சுருக்கம் மிகுதி என்பதால், கழுத்து ஸ்கேனோடு நில்லாமல் மூளைத் தமனிகளையும் படமெடுத்துப் பார்க்குமாறு மருத்துவர் கூறினால், அதைத் தேவையற்ற செலவு என்று தள்ளிவிடக் கூடாது.

மருந்துகளில் முதலிடம் ஸ்டாட்டினுக்கே. அடோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம், ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 மில்லிகிராம் ஆகியவை உயர் அளவு எனக் கொள்ளப்படுகின்றன. ஆசிய மரபினரின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகத் தேங்குவதால், அதைக் குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம். பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 4,731 பேரிடம் அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமைச் சோதித்து 2006-ல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் மீண்டும் பக்கவாதம் ஏற்பட்டோர் 13.1 சதவீதத்திலிருந்து 11.2 சதவீதமாகக் குறைந்தனர். பிரான்ஸிலும் தென் கொரியாவிலும் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு, எல்டிஎல் 70-க்குக் கீழே கொண்டுவரப்பட்டவர்கள் 90 முதல் 110 வரை நிறுத்தப்பட்டவர்களைவிட நன்றாக இருப்பதைக் காட்டியது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் வந்தவர்கள் உள்ளிட்ட மிக உயர் ஆபத்துப் பிரிவினருக்கு இலக்கை 55 எனக் குறைத்தது.

ஸ்டாட்டின் மட்டும் இலக்கை எட்டாவிட்டால் எசெடிமைப் சேர்க்கப்படுகிறது; குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் எவோலோகுமாப், இன்கிளிசிரான் போன்ற ஊசி மருந்துகள் இந்தியாவில் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அவற்றின் விலை கட்டுப்படியாகாது.

ஆய்வக அறிக்கையில் 'இயல்பு அளவு' என அச்சிடப்படும் எல்டிஎல் எண், ஆரோக்கியமான பொதுமக்களுக்கானது; தமனியில் படிவு உள்ளவருக்கானது அல்ல. அறிக்கையில் 95 என வந்து, பக்கத்தில் 'இயல்பு' என்றும் இருப்பதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. மாத்திரையால்தான் அந்த எண் இறங்கியது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும். மருந்து தொடங்கி அல்லது அளவை மாற்றி நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்து, இலக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

ஸ்டாட்டினைப் பற்றிய அச்சங்களுக்குக் குறைவில்லை. தசை வலி வரும், கல்லீரல் கெடும், சர்க்கரை ஏறும் என்ற தகவல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகின்றன. நீரிழிவு வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுவது உண்மை. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை. கல்லீரலுக்குக் கடும் சேதம் அரிது. தசை வலி பற்றி பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான 'சாம்சன்' ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது. பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு, எது என்று தெரியாமல் சில மாதங்கள் ஸ்டாட்டினும் சில மாதங்கள் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஸ்டாட்டின் மாதங்களில் உணர்ந்த தொந்தரவில் ஏறத்தாழ 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்பது இதன் பொருள் அல்ல. பெரும்பாலும் காரணம் மருந்து அல்ல என்பதே. கடுமையான வலியோ, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவதோ இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் அடோர்வாஸ்டாட்டினோடு சேரும்போது தசைப் பாதிப்பு கூடும் என்பதால், வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆஸ்பிரின் விஷயத்தில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. அறிகுறி வந்தவருக்கு அது இன்றியமையாதது. அறிகுறியே இல்லாதவரின் பக்கவாதத்தைத் தடுப்பதில் அதன் பங்கு பற்றிய சான்று மெலிந்தது. 1995-ல் 372 பேரிடம் நடந்த ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. இருப்பினும், கழுத்தில் அடைப்பு உள்ளவருக்கு இதயத் தமனியிலும் அடைப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பெரும்பாலான மருத்துவர்கள் 75 மில்லிகிராம் அளவில் தருகின்றனர். குடல் புண், முன்பு ஏற்பட்ட ரத்தக்கசிவு, முதுமை ஆகியவற்றை எடைபோட்டே அது முடிவாக வேண்டும். குளோபிடோக்ரல் சாப்பிடுவோர், அமிலத்தைக் குறைக்க ஒமிப்ரசோல் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கிறது. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பான்டோபிரசோல் தரப்படுகிறது.

இந்தியாவில் இடைவெளி எங்கே?

மேற்கண்ட மருந்துகளில் அடோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை 2022-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. ஜெனரிக் வடிவில் மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்டெண்டின் செலவோடு ஒப்பிட்டால் ஓராண்டு மாத்திரைச் செலவு மிகச் சிறிது. எனவே பணம் மட்டுமே தடையாக இருக்க முடியாது.

2011-ல் 'லான்செட்' இதழில் வெளியான பன்னாட்டு 'பியூர்' ஆய்வு, இதயநோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களிடம் மருந்துப் பயன்பாட்டை வீடுதேடிச் சென்று கணக்கெடுத்தது. இந்தியாவை உள்ளடக்கிய குறைந்த வருமான நாடுகளின் பிரிவில் ஸ்டாட்டின் சாப்பிட்டு வந்தோர் வெறும் 3.3 சதவீதம். அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயின் அடித்தளமோ மேலும் அகன்றிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. ஏதேனும் ஒருவகைக் கொழுப்புக் கோளாறு உடையோர் 81.2 சதவீதம். 2016–17-ம் ஆண்டின் புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. அவர்களில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களே அதிகம். 'நான் புகைபிடிப்பதில்லை' என்று மருத்துவரிடம் சொல்லும் பலர், வாயில் அடக்கும் புகையிலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்தைத் தொடரச் செய்வது எப்படி என்பதையும் இந்திய ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜெயராஜ் பாண்டியன் தலைமையில் 31 மையங்களில் நடந்த 'ஸ்பிரிண்ட் இந்தியா' ஆய்வில், பக்கவாதத்திலிருந்து மீண்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு அவரவர் மொழியிலேயே குறுஞ்செய்திகளும் காணொலிகளும் கையேடும் அனுப்பப்பட்டன. 2023-ல் வெளியான முடிவு கலவையானது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதும், புகையையும் மதுவையும் விடுவதும் அவர்களிடம் கூடின. ஆனால் ஓராண்டுக்குள் மீண்டும் பக்கவாதம் முதலியவை வருவது குறையவில்லை. செய்தி அனுப்புவது வேறு. ரத்த அழுத்தத்தை அளந்து, எண் இறங்கும்வரை மருந்தைக் கூட்டுவது வேறு. கிரெஸ்ட்-2-ல் நடந்தது இரண்டாவது.

ஸ்டெண்ட் விவாதத்தின் உட்பொருளும் இதுவே எனலாம். ஒழுங்கான மருந்து சிகிச்சை கிடைக்கும் இடத்தில் ஸ்டெண்டால் கூடுவது நூற்றுக்கு மூவர். ஒழுங்கான மருந்து கிடைக்காத இடத்தில் எவ்வளவு கூடும் என்பதற்கு இந்த ஆய்வு விடை தராது. ஏனெனில், ஸ்டெண்ட் பெற்றவர்களும் அதே மருந்துகளை அதே கண்டிப்போடு சாப்பிட்டவர்கள்தாம். ஸ்டெண்ட் வைத்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம் என்ற முடிவுக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. ஸ்டெண்ட் காப்பது கழுத்தின் ஒரு சில சென்டிமீட்டர் நீளத்தை. மறுபக்கக் கழுத்தையும், மூளைக்குள் உள்ள தமனிகளையும், இதயத்தையும் காப்பது மருந்து.

பரிசோதனைத் திட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிகுறி இல்லாத பொதுமக்கள் அனைவருக்கும் கழுத்து டாப்ளர் எடுப்பதை, அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் பரிந்துரைக்க மறுத்தது. தவறான அச்சமும், தேவையற்ற சிகிச்சையின் தீங்கும் பயனைவிட மிகும் என்பது அதன் கணிப்பு. ஆனாலும், ஸ்கேன் எடுத்துச் சுருக்கம் தெரிந்துவிட்ட பிறகு அதைப் புறக்கணிக்க இயலாது. அந்நிலையில், மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தச் சிகிச்சை என்பதை அல்ல. சுருக்கத்தின் அளவை சிடி ஆஞ்சியோ போன்ற மற்றொரு சோதனையால் உறுதிசெய்ய வேண்டுமா? படிவு மென்மையானதா, சுண்ணம் படிந்ததா? மூளை எம்ஆர்ஐ படத்தில், உணராமலே வந்துபோன பழைய பக்கவாதத் தழும்பு உள்ளதா? ஸ்டெண்ட் அல்லது அறுவை பரிந்துரைக்கப்பட்டால், அந்த மருத்துவரின் கைகளில் பக்கவாதமோ இறப்போ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? அறிகுறி இல்லாதவருக்கு அது மூன்றுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்களின் வரம்பு. அறிகுறி இல்லாதவருக்குப் பொதுவாக முடிவெடுக்க அவகாசம் உண்டு. இன்றே சேர்ந்துவிடுங்கள் என்ற அவசரம் அரிதாகவே நியாயமானது. மருந்தை மட்டும் தேர்ந்தவர் ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் டாப்ளர் எடுத்துப் பார்ப்பது வழக்கம். சுருக்கம் விரைந்து கூடினாலோ, அறிகுறி தோன்றினாலோ முடிவு மறுபரிசீலனைக்கு வரும்.

ஸ்டெண்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் குறைந்தது நான்கு வாரங்கள் இணைந்து தொடரும். பின்னர் ஒன்று மட்டும் நீடிக்கும். அந்த முதல் வாரங்களில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. ஸ்டெண்டுக்குள்ளேயே கட்டி உருவாகலாம். நடைமுறையில் மாத்திரை பெரும்பாலும் நிற்பது பல் பிடுங்கும் நாளிலோ, கண்புரை அறுவையின்போதோ, வெளியூர்த் திருமணத்துக்குச் செல்லும்போதோதான். பல் பிடுங்குவதற்கு ஆஸ்பிரினை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. பஞ்சை அழுத்தி வைத்தால் ரத்தம் நிற்கும். பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.